கோடும் ஒளியும் காலமும்: கொழும்பின் புகைப்பட வரலாற்றில் உருவ அமிசங்கள்

தோற்றுவாய்

ஓவியமொன்றின் முன் நிற்கும்போது அதன் கோடு, நிறம், அமைப்பு என்பன பற்றி உசாவுகின்ற நாம், புகைப்படமொன்றைக் கையில் எடுத்ததும் "இது யார்? எங்கே எடுத்தது?" என்ற இரு வினாக்களுடன் அமைந்துவிடுகின்றோம். ஓவியம் ஆக்கப்படுவது, புகைப்படம் எடுக்கப்படுவது என்ற எண்ணமே இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகும். எடுக்கப்படுவதற்கு உருவம் ஏது, உள்ளடக்கம் மட்டுந்தானே உண்டு எனப் பலரும் கருதுவர்.

1960களிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழ் விமர்சன உலகில் உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதம் சூடாக நடைபெற்றமை யாவரும் அறிந்ததே. அவ்விவாதம் பெரும்பாலும் சிறுகதை, நாவல், கவிதை என்பவற்றைச் சுற்றியே அமைந்தது. கட்புலக் கலைகள் அதனுள் அரிதாகவே இடம்பெற்றன. உருவத்தைப் பற்றிப் பேசுவது வாழ்க்கையை மறந்து அழகை மட்டும் நாடுவோரின் பொழுதுபோக்கு என்ற ஐயமும் அக்காலத்தில் ஒரு சாராரிடம் நிலவியது. அவ்வையம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும், புகைப்படத்தைப் பொறுத்தவரை உருவத்தை அறிவது வரலாற்றை அறிவதற்கே இன்றியமையாதது என்பதனைக் கொழும்பு நகரின் அனுபவங் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உருவ அமிசங்கள் எவை?

கட்புலக் கலைகளின் உருவ அமிசங்களாகப் பொதுவாகக் கொள்ளப்படுவன கோடு, வடிவம், திரட்சி, ஒளிநிழல், நிறம், மேற்பரப்பின் தன்மை, வெளி, கோலம் என்பனவாம். இவை தமிழ் மரபிற்குப் புதியனவல்ல. நிறந் தீட்டாது கோட்டினால் மட்டும் வரையப்பட்ட சித்திரத்தைப் 'புனையா ஓவியம்' எனச் சங்க இலக்கியம் சுட்டுகின்றது. நிறத்தை நீக்கியபின்பும் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே வடிவத்தின் உயிர் என்ற உணர்வு அச்சொல்லாட்சியில் அடங்கியுள்ளது. கறுப்பு வெள்ளைப் புகைப்படமும் ஒருவகையில் புனையா ஓவியமே.

ஓவியன் வெறும் தளத்தில் ஒவ்வொன்றாகச் சேர்க்கின்றான். புகைப்படக் கலைஞனோ நிறைந்து கிடக்கும் உலகிலிருந்து ஒவ்வொன்றாக விலக்குகின்றான். எங்கே நிற்பது, எந்த உயரத்திலிருந்து நோக்குவது, சட்டகத்திற்குள் எதனை அடக்குவது, எதனைக் குவியத்திற் கொணர்வது, எந்த ஒளிக்குக் காத்திருப்பது ஆகிய ஐந்து தெரிவுகளே அவனது தூரிகையாகும்.

கொழும்பிலிருந்தே இதற்கு எடுத்துக்காட்டுக் கூறலாம். கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயம் சேர் பொன்னம்பலம் இராமநாதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லிற் புதுக்கிக் கட்டப்பட்டது. அதன் தூண்களை நண்பகலின் உச்சி வெயிலிற் படமெடுத்தால் கல் வெறும் சாம்பல் நிறப் பரப்பாகவே தோன்றும். காலை ஒளி பக்கவாட்டிற் சாய்ந்து விழும்போது எடுத்தாலோ உளி பட்ட ஒவ்வோர் இடமும் தன் நிழலைத் தானே வரைந்து காட்டும். மேற்பரப்பின் தன்மை என்பது கல்லில் மட்டும் இருப்பதன்று. கல்லின்மீது ஒளி விழும் கோணத்திலும் அது இருக்கின்றது. சற்று அப்பால் உள்ள புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தையும் முகப்புத் தூண்களையும் அண்மையில் நின்று அண்ணாந்து நோக்கி எடுப்பின் நிமிர்கோடுகள் யாவும் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும். தொலைவில் நின்று எடுப்பின் அதே தூண்கள் அமைதியாக நிமிர்ந்து நிற்கும். வெள்ளவத்தைக் கடற்கரை மேற்கு நோக்கியது. அங்கு மாலையிற் கடலைப் பின்னணியாக வைத்து எடுக்கப்படும் மனிதர் முகமிழந்து நிழலுருக்களாவர். கரையோரமாகச் செல்லும் தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியிற் கூடுவனபோலத் தோன்றி வெளியின் ஆழத்தை உணர்த்தும். இவையெல்லாம் இடத்தின் இயல்புகள். அவற்றைப் பொருளுள்ளனவாக்குவது கலைஞனின் தெரிவு.

வணிகப் படப்பிடிப்பும் 'மாதிரி' மனிதரும்

1839இற் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அறிவிக்கப்பட்ட புகைப்படக் கலை மிக விரைவாகவே இலங்கையை வந்தடைந்தது. 1850களின் தொடக்கத்தில் பிரெடெரிக் ஃபீபிக் இலங்கைக் காட்சிகளைப் படமாக்கிக் கையால் நிறந் தீட்டினார். 1870-71இல் யோசப் லோட்டன் அனுராதபுரம், பொலநறுவை முதலிய இடங்களின் இடிபாடுகளைத் தொல்லியற் பணிக்காகப் படமெடுத்தார். ஸ்கீன் நிறுவனமும் சார்ள்ஸ் ஸ்கோவென் நிறுவனமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சிறப்புற்று விளங்கின. 1890இற் பிளாற்றே நிறுவனம் கொழும்பில் தோன்றியது. கப்பலில் வந்திறங்கிய பயணிகளுக்கு இத்தீவின் நினைவுச் சின்னமாகப் படங்களை விற்பது இத்தகைய நிறுவனங்களின் முக்கிய தொழில்களுள் ஒன்றாக இருந்தது.

இப்படங்களுள் ஒருவகையினவற்றை உருவ நோக்கில் ஆராய்வது பயனுடைத்து. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண், முத்துக் குளிப்போர், நாட்டுப்புற அழகி என்றவாறு தலைப்பிடப்பட்ட படங்களில் மனிதர் சட்டகத்தின் நடுவிலே நேர்முகமாக நிறுத்தப்படுவர். பின்னணி வெறுமையாகவோ தீட்டிய திரையாகவோ இருக்கும். ஒளி எங்கும் சமமாகப் பரவும். அணிகலன்களும் உடையும் தெளிவாகத் தெரியும், பெயர் இராது. தாவரவியலாளன் இலையொன்றைத் தாளில் ஒட்டிப் பேணும் முறைக்கும் இவ்வமைப்பிற்கும் வேறுபாடு அதிகமில்லை. இங்கு மனிதர் 'மாதிரி'களாக ஆக்கப்பட்டனர் என்பதனைத் தலைப்பைவிட அமைப்பே உரத்துச் சொல்கின்றது.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு போக்கும் அக்காலத்திலேயே இலங்கை மண்ணில் நிகழ்ந்தது. ஆங்கில நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான யூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். முகத்தை மிக அண்மையில் நின்று, குவியத்தைச் சற்றே தளரவிட்டு, ஒரு பக்க ஒளியில் எடுப்பது அவர் முறை. கூர்மையின்மை அவரது திறமைக் குறைவு என இலண்டன் விமர்சகர் சிலர் எள்ளினர். ஆனால், அணிகலனைத் துலக்கும் கூர்மை வேறு, அகத்தைத் துலக்கும் மென்மை வேறு என்பதனை அவர் உணர்ந்திருந்தார். குவியம் என்ற ஓர் அமிசத்தினுள்ளேயே மனிதரை நோக்கும் மனப்பான்மை அடங்கியிருத்தலை இவ்விரு போக்குகளும் உணர்த்துகின்றன.

ஆனந்த குமாரசுவாமியும் புகைப்படமும்

கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றுக்கும் உலகப் புகைப்பட வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு நம்மவர் பலரும் அறியாத ஒன்றாகும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். மேலே குறிப்பிட்ட ஆலயத்தைக் கருங்கல்லிற் புதுக்கிய இராமநாதன் அவருக்கு அத்தை மகனாவார். இங்கிலாந்தில் வளர்ந்து புவிச்சரிதவியல் கற்ற குமாரசுவாமி, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை கடமையாற்றிய காலத்திற் கிராமந்தோறும் சென்று கைவினைஞரைக் கண்டார். அவர்தம் தொழிலையும் ஆக்கங்களையும் அவர் மனைவி எதெல் படமெடுத்தார். 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூலுக்கு அப்படங்கள் அணிசேர்த்தன.

அப்படங்களில் மனிதர் மாதிரிகளாக நிற்பதில்லை, தொழில் செய்துகொண்டிருக்கின்றனர். கையும் கருவியும் செய்பொருளுமே அமைப்பின் மையம். கொழுந்து பறிக்கும் பெண்ணை வெறும் காட்சிப் பொருளாக நிறுத்திய கமராவே, குயவனின் விரல்களைப் பின்பற்றும் கமராவாகவும் மாறக்கூடும் என்பதனை இது காட்டுகின்றது.

1917 முதல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய குமாரசுவாமி, அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான அல்பிரெட் ஸ்டீக்லிற்ஸின் நண்பரானார். அவரது படங்கள் இருபத்தேழினை 1924இல் அந்நூதனசாலை நன்கொடையாக ஏற்றுக்கொண்டமைக்குக் குமாரசுவாமியின் முயற்சியே முக்கிய காரணமாயிற்று. பெரிய கலைக்கூடமொன்று புகைப்படத்தைக் கலைப்படைப்பாகவே ஏற்ற தொடக்க நிகழ்ச்சிகளுள் இது குறிப்பிடத்தக்கதாகும்.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றலாம். கலை இயற்கையைப் பார்த்து நகல் செய்வதன்று, அகத்தே கண்ட வடிவத்தைப் புறத்தே நிறுவுவது என வாழ்நாள் முழுதும் வாதிட்டவர் குமாரசுவாமி. இயற்கையை நகல் செய்வதற்கென்றே பிறந்த பொறியின் ஆக்கத்தை அவர் எங்ஙனம் கலையென ஏற்றார்? விடை உருவ அமிசங்களிலேயே உள்ளது. ஸ்டீக்லிற்ஸ் அக்காலத்தில் முகில்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். முகிலுக்குப் பெயரில்லை, ஊரில்லை. அப்படங்களில் ஒளியும் நிழலும் அவற்றின் ஒழுங்கும் மட்டுமே உள்ளன. பொறி நகல் செய்கின்றது, கண்ணோ தெரிந்தெடுக்கின்றது. தெரிந்தெடுத்தல் உள்ள இடத்திற் கலையும் உண்டு.

வெள்ளவத்தைக் கரையும் லயனல் வென்டும்

கொழும்பிற் புகைப்படத்தை உருவ நோக்கில் உச்சத்திற்குக் கொண்டு சென்றவர் லயனல் வென்ட் என்பதில் ஐயமில்லை. 1900ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள் பறங்கியர் சமூகத்திற் பிறந்த அவர், இலண்டனிற் சட்டமும் பியானோ இசையும் பயின்று 1924இல் நாடு திரும்பினார். சட்டத்தை விரைவிற் கைவிட்டார், இசையைக் கைவிடவில்லை. 1929இற் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிற் கடலோர இல்லமொன்றில் வாழ்ந்த இளங்கவிஞர் பாப்லோ நெரூடாவுக்கு இத்தீவிற் கிடைத்த அரிய நண்பர்களுள் வென்டும் ஒருவர். நெரூடா இறந்தபின் 1974இல் வெளிவந்த அவரது நினைவுக் குறிப்புகளில் வென்ட் பெருமதிப்புடன் நினைவுகூரப்படுகின்றார்.

1930களின் தொடக்கத்திற் புகைப்படத்தில் முழுமையாக இறங்கிய வென்ட், றொலிபிளெக்ஸ், லெய்க்கா என்னும் இருவகைக் கமராக்களைக் கையாண்டார். இவ்விரண்டின் வேறுபாடு வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. றொலிபிளெக்ஸ் சதுரப் படத்தைத் தரும். அதனை மார்பளவில் ஏந்தித் தலைகுனிந்து பார்க்கவேண்டும். ஆகவே நோக்குநிலை தாழும். எதிரே நிற்பவர் உயர்ந்து தோன்றுவார். சதுரத்தில் நீள அகல வேறுபாடு இன்மையின் அமைப்பு நடுவை நோக்கிக் குவியும். லெய்க்கா கண்ணோடு ஒட்டி நிற்பது. அதன் நீள்சதுரம் நகர்வையும் கணநேரத் தோற்றத்தையும் பற்றிக்கொள்வது. உருவம் என்பது கருவியிலேயே தொடங்குகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வென்ட் இருட்டறையிலும் பல சோதனைகளை நடத்தினார். படம் கழுவும்போது இடையில் ஒருகணம் வெளிச்சத்தைக் காட்டினால் ஒளிநிழல் பகுதியளவில் தலைகீழாக மாறும். ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லையில் மெல்லிய கோடொன்று தோன்றும். பாரிசில் மான் றே பயன்படுத்திய இம்முறையை வென்ட் இலங்கைக் கடற்கரை மனிதரின் உடல்மீது பயன்படுத்தினார். திரட்சியால் அறியப்பட்ட உடல் கோட்டால் அறியப்படுவதாயிற்று. அவர் பெரிதும் ஆதரித்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் ஆக்கங்களை நினைவுகூருவோர்க்கு இதன் பொருள் விளங்கும். கீற் தடித்த வளைகோடுகளால் உடலைச் சூழ்ந்து வரைந்தார். வென்ட் அத்தகைய கோட்டை ஒளியிலிருந்தே வருவித்தார். ஓவியமும் புகைப்படமும் ஒரே வினாவை இரு வழிகளில் வினவிக்கொண்டிருந்தன.

1934இல் பசில் றைற் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' என்னும் ஆவணப் படத்திற்கு உரைக்குரல் வழங்கியவரும் வென்டே. 1938இல் இலண்டனில் அவரது தனிக் கண்காட்சி நடைபெற்றது. 1943ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவரது இல்லத்தில் '43 குழு' தோன்றியது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, ஜெப்ரி பேலிங், மஞ்சுசிறி, றிச்சட் கப்ரியேல் முதலானோர் அதில் இணைந்தனர். இதற்கு முன்னரே எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் 1938இல் வின்சர் கலைக் கழகத்தைத் தோற்றுவித்துத் தமிழ் ஓவியர் பலருக்கு ஊக்கமளித்தவர் என்பது நாம் மறக்கலாகாத செய்தியாகும்.

வென்ட் 1944ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள் தமது நாற்பத்து நான்காவது வயதிற் காலமானார். 1950இல் 'லயனல் வென்டின் சிலோன்' என்னும் நூல் இலண்டனில் வெளிவந்தது. அவரது இல்லம் இருந்த இடத்தில் அவர் பெயரால் அமைந்த கலையரங்கு 1953இல் திறக்கப்பட்டது. ஆனால், அவருடைய நெகற்றிவ்கள் அழிந்தன. எஞ்சியவை அவர் கையால் உருவாக்கிய படத்தாள்களும் அச்சுப் பிரதிகளுமே. 2017இல் ஐரோப்பாவிற் கண்காட்சிகளில் அவர் புதிதாகக் கண்டறியப்பட்டபோது பேசியவை அத்தாள்கள்தாம்.

சட்டகத்திற்கு வெளியே

வென்டைப் புகழ்வதோடு நின்றுவிடுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. 1950ஆம் ஆண்டு நூலைப் புரட்டுவோர் கிராமத்தையும் கடற்கரையையும் இடிபாடுகளையும் மனித உடலின் வனப்பையும் மிகுதியாகக் காண்பர். அவர் வாழ்ந்த நகரமோ அவ்வளவு இடம்பெறவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் தமிழும் சிங்களமும் மலையாளமும் பேசி வாழ்ந்த தொழிலாளரும் அந்தச் 'சிலோ'னின் மையத்தில் இல்லை. உருவ அழகு ஒருவகைத் தொன்மைக் கனவுக்குத் துணைபோகக்கூடும் என்ற குற்றச்சாட்டினை இவ்விடத்தில் எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும், இக்குற்றச்சாட்டையும் உருவத்தின் வழியாகவே நாம் சரியாகக் கூறமுடியும் என்பது கவனிக்கற்பாலது. சட்டகம் என்பது உருவ அமிசங்களுள் முதன்மையானது. சேர்க்கப்பட்டதும் விலக்கப்பட்டதும் அதனாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. சட்டகத்தைக் காணப் பழகாத கண்ணுக்கு விலக்கப்பட்டவரும் தெரியமாட்டார். ஆகவே உருவ ஆய்வும் சமூக ஆய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்னது பின்னதற்கு வாயில்.

பெயரிழந்த படங்கள்

இனி, பெருங் கலைஞரை விடுத்து நம் வீட்டுச் சுவருக்கு வருவோம். வெள்ளவத்தை இல்லமொன்றின் முன்மண்டபத்திற் காணக்கூடிய பழைய திருமணப் படமொன்றை எடுத்துக்கொள்வோம். பின்புறத்தில் எழுத்தில்லை, அறிந்தோரும் இல்லை. இப்படம் யாதொன்றும் கூறாதா?

கூறும். மணமகளின் கூறைச் சேலை கரியதாகத் தோன்றின், அவள் கரிய சேலை உடுத்தாள் என்பது பொருளன்று. தொடக்ககாலத் தகடுகளும் சுருள்களும் சிவப்பு ஒளியை உணரமாட்டா. நீலத்தையே மிகுதியாக உணரும். எனவே சிவப்புக் கூறை கறுக்கும், குங்குமப் பொட்டும் கறுக்கும், மாநிறத் தோல் உள்ளதினும் கருமையாகும், வானமோ வெளிறிவிடும். எல்லா நிறங்களையும் உணரும் சுருள்கள் 1920களிலும் 1930களிலுமே பரவலாயின. கூறையின் சாயல் இவ்வாறு காலத்தைச் சுட்டுகின்றது. முகத்தின் ஒரு பக்கத்தில் மென்மையாகப் படர்ந்த ஒளி, கண்ணாடிக் கூரையின் வழியே பகல் ஒளியைப் பயன்படுத்திய படப்பிடிப்பு நிலையத்தைக் காட்டும். மூக்கின் இருபுறமும் இரட்டை நிழல் விழுமாயின் மின்விளக்குகள் வந்துவிட்டன எனலாம். படத்தாளின் நிறம் கபிலமாகி வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்திருப்பின் அது முட்டை வெண்கருப் பூச்சுக் கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாளாக இருத்தல் கூடும். சதுர அளவு, அலைபோல வெட்டப்பட்ட விளிம்பு என்பனவும் தத்தம் காலத்தை உரைக்கும்.

அமைப்போ சமூகத்தை உரைக்கும். ஆடவர் கதிரையில் அமர்ந்திருக்க மகளிர் நிற்பது, மகளிர் அமர்ந்திருக்க ஆடவர் பின்னே நிற்பது, முதியோர் நடுவில் இருப்பது, கணவனும் மனைவியும் தோளோடு தோள் உரச நிற்பது ஆகிய ஒவ்வொன்றும் குடும்பத்தின் ஒழுங்கு எங்ஙனம் காணப்பட வேண்டுமென அவர்கள் விரும்பினர் என்பதைக் கூறும். தீட்டிய திரையிற் காணும் மாடிப்படியும் பூச்சாடியும் அவர்களுடைய வீட்டில் இருந்தவையல்ல. அவர்கள் வேண்டிய வாழ்வில் இருந்தவை. ஸ்கீன், ஸ்கோவென் நிறுவனங்களின் 'மாதிரி'ப் படத்திலும் நேர்முக நிலை உண்டு. இதிலும் நேர்முக நிலை உண்டு. ஆனால், அங்கே நிறுத்தியவன் வேறொருவன். இங்கே காசு கொடுத்துத் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டனர். ஓர் உருவ அமிசம் இருவேறு வரலாற்றுப் பொருள்களைத் தாங்கி நிற்பதனை இங்குக் காண்கின்றோம்.

இவ்வாசிப்பு நமக்குக் கலைப் பயிற்சி மட்டுமன்று. 1983ஆம் ஆண்டு யூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிக்கப்பட்டபோது அல்பங்களும் எரிந்தன. எரியாதவை பயணப் பெட்டிகளிற் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றன. பின்னர் இடப்பெயர்வுகளோடு ரொறன்ரோ, இலண்டன், சென்னை எனச் சிதறின. படம் எஞ்சியது, பெயர் சொல்லக்கூடிய பாட்டிமார் மறைந்தனர். "யார், எங்கே" என்ற இரு வினாக்களை மட்டும் அறிந்தவனுக்கு இத்தகைய படம் ஊமை. பேரப்பிள்ளைகள் அவற்றை வீசிவிடுவதிற் புதுமையில்லை. ஒளியையும் கோட்டையும் தாளையும் சட்டகத்தையும் வாசிக்கத் தெரிந்தவனுக்கோ அது காலமும் இடமும் கூறும் ஆவணம். வென்டின் நெகற்றிவ்கள் அழிந்த பின்பும் அவரது தாள்கள் பேசுவது போன்றே, பெயர்கள் அழிந்த பின்பும் நம்மவர் படங்கள் பேசவல்லன.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், கொழும்பின் புகைப்பட வரலாற்றில் உருவ அமிசங்கள் வெறும் அலங்காரமாக அமையவில்லை என்பது பெறப்படும். வணிக நிறுவனங்களின் சமஒளி மனிதரை மாதிரியாக்கியது. கமரனின் தளர்ந்த குவியம் மனிதரை மனிதராக்கியது. குமாரசுவாமி தம்பதியரின் நூல் தொழில்புரியும் கையை மையமாக்கியது. வென்டின் இருட்டறை உடலைக் கோடாக்கியது. பெயரறியாத படப்பிடிப்பாளரின் திரை ஒரு சமூகத்தின் விருப்பத்தைப் பின்னணியாக்கியது.

உருவமா உள்ளடக்கமா என்ற பழைய வழக்கிற் புகைப்படம் கூறும் சாட்சியம் எளியது: உள்ளடக்கத்தை அறிந்தோர் மறையும்போது அதனை மீட்டுத் தருவது உருவமே. எனவே பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் கல்வெட்டையும் ஏட்டையும் வாசிக்கப் பயில்வது போன்றே படத்தையும் வாசிக்கப் பயிலவேண்டும். பயிற்சியை வேறெங்கும் தொடங்க வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் வீடு செல்லும்போது அலுமாரியின் அடித்தட்டில் உள்ள படங்களை எடுத்து, இன்னும் நம்மோடு இருக்கும் முதியோரிடம் காட்டிப் பெயர்களைப் பின்புறத்திற் பென்சிலால் எழுதிக்கொள்வோமாக. அதன்பின் படத்தைத் திருப்பி, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றதென நோக்குவோமாக.